அறுபதாவது ஜோடி

மரிவிக் தொகோனோன் எங்கள் ஆய்வு வேலைக்கு வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்ச் சவப்பெட்டித் திட்டம் விற்றவள். மாதாமாதம் கட்டினால், செத்த பிறகு பெட்டி, வண்டி, மூன்று நாள் துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நன்றாக உயிரோடு இருக்கிற மனிதனிடம் அதை விற்று, அவன் வீட்டிலேயே மதியச் சோறும் தின்றுவிட்டு வருகிறவளுக்குக் காதலைப் பற்றி நாலு கேள்வி கேட்பது பெரிய காரியமா? எங்கள் இலோயிலோ நகரத்தில் அவள் தட்டித் திறக்காத கதவு கிடையாது. திறந்த பிறகு அவள் வாயை மூடவைக்கத்தான் ஆள் கிடையாது.

என் பெயர் நாண்டிங். வந்து சேரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஊரில் என்னைப் பாக்லா என்பார்கள். ஆண்களை விரும்புகிற ஆண், நடையில் கொஞ்சம் ஒயில் அதிகம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, சட்டையும் பேண்ட்டுமாகப் பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறவளை டாம்பாய் என்பார்கள். சிலர் வாயில் அது பெயர், சிலர் வாயில் திட்டு. கல்யாணத்துக்கு மணப்பெண்ணை அலங்கரிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் ஆளை எங்கே உட்காரவைப்பது என்றால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிடும்.

எங்களைப் போன்றவர்களின் காதல் வாழ்க்கைக்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் ஆய்வு. நடத்தியவர் டாக்டோரா ஹெர்மினியா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, உளவியல் பேராசிரியை. அவருக்கு அறுபது ஜோடிகள் வேண்டும். ஜோடியில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் படிவத்தை நிரப்பி, தாங்களே உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். உறைமேல் பெயர் இருக்காது. பன்னிரண்டு ஏ, பன்னிரண்டு பி, அவ்வளவுதான்.

தனித்தனி அறை என்று டாக்டோரா எழுதிவிட்டார். எங்கள் வீடுகளில் அறைக்கு எங்கே போவது? ஒருத்தி அடுப்படியில், ஒருத்தி வெளியே துணி காய்கிற கொடிக்குக் கீழே. அப்படியும் எழுதுவதெல்லாம் ஒன்றுதான். எங்கள் ஜனங்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் நன்றாக இருக்கிறோம், வாருங்கள் சாப்பிடலாம் என்பார்கள். ஐம்பது படிவங்களை ஏற்றி முடித்தபோது பிலிப்பைன்ஸ் நாட்டில் சோகம் என்பதே கிடையாதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒன்பதாவது கேள்வி மட்டும் விளையாட்டில்லை. கடந்த இரண்டு வாரங்களில், உயிரோடு இருப்பதைவிடச் செத்துவிடலாம் என்ற எண்ணம் எத்தனை நாள் வந்தது? இல்லவே இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேல், ஏறக்குறைய தினமும். முதல் கட்டத்தைத் தவிர வேறு எதை நிரப்பியிருந்தாலும் கணினி சிவப்பாகக் காட்டும். யாருடைய படிவம் என்பது அதை வாங்கி வந்தவருக்கு மட்டும்தான் தெரியும், அவரே இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அந்த ஆளைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். என்ன பேசுவது என்பது ஒரு தாளில் அச்சடித்து இருக்கும். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கூடாது. புத்தி சொல்லக் கூடாது, அழக் கூடாது. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நான்.

பயிற்சியில் மரிவிக்தான் கடைசி. பத்து எண்ணச் சொன்னால் மூன்றுக்கு மேல் அவளால் தாங்க முடியாது. "ஐயோ, ஏன்மா அப்படி நினைக்கிற?" என்று குதித்துவிடுவாள், கண்ணிலும் தண்ணீர் வந்துவிடும். எதிரே நோயாளியாக நடித்த பெண் எழுந்து இவளுக்குக் கைக்குட்டை கொடுத்தாள். ஆனாலும் டாக்டோரா அவளை விடவில்லை. அறுபதில் முப்பத்தொரு ஜோடியைப் பிடித்து வந்தவள் அவள்தானே.

மரிவிக்கின் சொந்த ஜோடி லூடிவினா, லூடி. பெரிய கடைத்தொகுதி ஒன்றின் வாசலில் காவல் வேலை. வருகிறவர் பைக்குள் சின்னக் குச்சியை விட்டுக் கிளறிப் பார்ப்பார்களே, அந்த வேலை. பதினொரு வருஷத்துக்கு முன் மரிவிக்கின் பையைக் கிளறியபோது உள்ளே இரண்டு கிலோ கருவாடு.

"மேம், இதோட உள்ள போனா ஏசி காத்துல மூணு மாடியும் மணக்கும்."

"சவப்பெட்டித் திட்டம் வாங்கிக்கிறீங்களா? வாங்கினா கருவாட்ட இங்கயே வெச்சுட்டுப் போறேன்."

லூடி திட்டத்தை வாங்கினாள். கருவாட்டையும் அன்று மாலை இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதிலிருந்து ஒரே வீடு. லூடி அவளைப் பலங்கா என்று கூப்பிடுவாள், எங்கள் பேச்சில் செல்லத்துக்குச் சொல்வது. வீட்டில் அழுகிறவள் மரிவிக், சிரிக்கவைக்கிறவள் லூடி. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. லூடிக்கு மனக்கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

மாதக் கடைசியில் அறுபதாவது ஜோடி கை நழுவியது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மா விஷயம் தெரிந்து வந்து படிவத்தை வாங்கிக் கிழித்துவிட்டாள். மறுநாள் மரிவிக் இரண்டு உறைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அறுபது ஏ, அறுபது பி.

"அதுக்குள்ள புதுசா எங்கடி பிடிச்ச?"

"என் கை ராசி அப்படி, மாரே."

தோழிகளை நாங்கள் மாரே என்போம், என்னையும் சேர்த்து. கை ராசிதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அறுபது பி-யை ஏற்றினேன். துணையோடு சந்தோஷமாக இருக்கிறீர்களா? ஏழுக்கு ஏழு. துணையை நம்புகிறீர்களா? ஏழுக்கு ஏழு. ஒன்பதாவது கேள்வி, மூன்றாவது கட்டம். பாதிக்கு மேல். திரை சிவந்தது.

"மாரே, உன் ஜோடி ஒண்ணு சிவந்திருக்கு. அறுபது பி. கூப்பிட்டுடு" என்று சீட்டை நீட்டினேன்.

மரிவிக் வாயில் ரொட்டி இருந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏவா, பியா?"

"பி."

"நீ தப்பா ஏத்தியிருக்க."

"எட்டு வருஷமா இதே வேலை பாக்கறேன். என் கண்ணு அவிஞ்சாலும் விரலு தப்பாது."

"படிவத்த காட்டு."

காட்டினேன். மற்றவர்கள் டிக் அடிப்பார்கள். இதில் கட்டம் முழுவதையும் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கியிருந்தது. மரிவிக் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"லாக் புக்குல இப்படித்தான் நிரப்புவா" என்றாள். "இது லூடி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆய்வில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வீட்டார், யாரும் படிவம் நிரப்பக் கூடாது என்பது முதல் விதி. அதைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம்.

"உனக்கு மூளை இருக்கா? யாரக் கேட்டு இதப் பண்ண?"

"ஒரு ஜோடிதான் குறைஞ்சுது, நாண்டிங். எங்களவிட சந்தோஷமான ஜோடி இந்த ஊர்ல யாருன்னு நெனச்சேன். ஆய்வுக்கே நல்லதுன்னு நெனச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. தன் வாழ்க்கையை ஒரு பரிசுக் கோப்பை மாதிரி கொண்டுவந்து வைத்திருக்கிறாள், பாவம்.

"அத ஒண்ணாவது கட்டமா மாத்திடு" என்றாள் மெல்ல.

உண்மையைச் சொல்கிறேன், வேறு கேள்வியாக இருந்தால் மாற்றியிருப்பேன். எனக்கு விதிமேல் ஒன்றும் பெரிய பக்தி கிடையாது. "மாத்தறேன். மாத்தினா லூடிக்கு என்ன மாறும்?" என்று கேட்டேன். அவள் எழுந்து பையை எடுத்தாள்.

"எங்க போற?"

"கடைக்கு. அவகிட்ட."

"போய்? வாசல்ல நின்னு ஓன்னு அழுவ. அவ ஒரு கையால உன்ன தேத்தணும், ஒரு கையால ஜனங்க பைய கிளறணும். உக்காரு."

டாக்டோரா மணிலா போகும் விமானத்தில் இருந்தார். மரிவிக்குக்குப் பதிலாகப் பேசக்கூடிய இன்னொரு களப்பணிப் பெண் குயிமாராஸ் தீவில், சிக்னல் கிடையாது. எனக்கோ பேசுகிற பயிற்சி கிடையாது. ஆய்வுக்கென்று வைத்திருக்கும் மனநல ஆலோசகரைக் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்த அம்மா இரண்டு நிமிஷம் என்னைத் திட்டினார். பிறகு லூடிக்கு எப்போது ஓய்வு என்று கேட்டார். இரண்டு மணிக்கு, இருபது நிமிஷம். அப்போதுதான் பெட்டகத்திலிருந்து கைபேசியை எடுக்க விடுவார்கள். "ரெண்டு மணிக்கு எனக்கு வேற ஆள் இருக்காங்க, அவங்களும் இதே மாதிரிதான், விட்டுட்டு வர முடியாது. நாலு மணிக்கு லூடிய வரச் சொல்லுங்க. மரிவிக்கே பேசட்டும். ஆனா தாள்ல இருக்கறத மட்டும் படிக்கட்டும். ஒரு எழுத்து கூடுதலா பேசினா போன நீங்க பிடுங்கிக்கோங்க."

பதினொன்றிலிருந்து இரண்டு வரை மரிவிக் அந்தத் தாளைப் படித்துக்கொண்டே இருந்தாள். அவள் வாய் அத்தனை நேரம் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியைப் போட்டு எண்ணை அழுத்தினாள்.

"பலங்கா! என்ன, ஆபீஸ் நம்பர்ல? சாப்ட்டியா?"

மரிவிக் கண்ணை மூடித் திறந்தாள். "வணக்கம். நான் ஆய்வு அலுவலகத்துல இருந்து பேசறேன். என்கூட இன்னொருத்தர் இருக்காரு, நாம பேசறத குறிச்சுக்குவாரு. அறுபது பி-தானே பேசறது?"

பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம். லூடிக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. காவல் வேலைக்காரிக்கு நடைமுறை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆமா மேம்" என்றாள். குரல் மாறியிருந்தது. "அறுபது பி."

"நீங்க தனியா பேசற மாதிரி இருக்கீங்களா?"

"ஒரு நிமிஷம் மேம்." கதவு திறந்து மூடியது. "இருக்கேன் மேம்."

"படிவத்துல ஒன்பதாவது கேள்விக்கு, செத்துடலாம்ங்கற எண்ணம் பாதிக்கு மேற்பட்ட நாள் வந்ததா குறிச்சிருந்தீங்க. இன்னைக்கும் அப்படி இருக்கா?"

மரிவிக்கின் விரல்கள் மேஜைமேல் ஒவ்வொன்றாக மடங்கின. நாலு, ஐந்து. நான் என் கையை போன் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எட்டு, ஒன்பது.

"இன்னைக்கு காலைல இருந்துச்சு மேம். இப்ப இல்ல."

"அதுக்காக ஏதாவது செஞ்சுக்கணும்னு திட்டம் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல மேம். அது சத்தியமா இல்ல."

"இத பத்தி ஏதாவது சொல்லணும்னு இருந்தா, சொல்லலாம். கேக்கறேன்."

மறுபடியும் விரல்கள் மடங்கின. பத்து முடிந்தது. மரிவிக் நிறுத்தவில்லை, முதல் விரலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

"போன மாசம் நானாய்க்கு எழுபதாவது பிறந்தநாள் மேம். அதாவது என் ஜோடியோட அம்மாவுக்கு. வாசல்ல கட்ட பெரிய பேனர் அடிச்சாங்க. பிள்ளைங்க, மருமகளுங்க, பேரப்பிள்ளைங்க, எல்லார் போட்டோவும் வட்ட வட்டமா. சின்ன பேரன் ஒருத்தன் ரெண்டு மாசமா ஒரு பொண்ணு பின்னாடி சுத்தறான், அது மூஞ்சிகூட இருந்துச்சு. ஏணி வெச்சு மேல ஏறி அத கட்டினது நான்தான் மேம். மேல நின்னு என் மூஞ்சிய தேடறேன். கீழ எல்லாரும் லூடி, வலது பக்கம் இழு, கோணலா இருக்குங்கறாங்க. இழுத்தேன்."

மரிவிக் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போட்டோவெல்லாம் பொறுக்கி கடைக்கு அனுப்பினது என் ஜோடி. வேணும்னு பண்ணல மேம். அவளுக்கு அப்படியெல்லாம் மனசு கிடையாது. தோணல, அவ்ளோதான். பதினோரு வருஷமாச்சு, தோணல. அதுலேர்ந்து வாசல்ல நிக்கும்போதெல்லாம், நான் இல்லாம போனா யாருக்கு என்ன ஆகும்னு யோசிக்கறேன். ஒண்ணும் ஆகாதுன்னுதான் தோணுது."

அந்த இடத்தில் மரிவிக் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் சத்தம் வரவில்லை. பிறகு கையை எடுத்து அடுத்த வரியைப் படித்தாள்.

"சொன்னதுக்கு நன்றி. இன்னைக்கு நாலு மணிக்கு எங்க ஆலோசகர் உங்களுக்காக காத்திருக்காங்க. வர முடியுமா?"

"மேலதிகாரிகிட்ட கேக்கறேன் மேம். வர்றேன்."

"இந்த விஷயம் யாருக்காவது தெரியக் கூடாதுன்னு நினைக்கறீங்களா?"

இது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. பெரும்பாலும் அம்மா என்பார்கள், இல்லையென்றால் முதலாளி என்பார்கள். லூடி இரண்டையும் சொல்லவில்லை.

"மரிவிக்குன்னு ஒருத்தி இருக்கா மேம்" என்றாள். "அவகிட்ட சொல்லாதீங்க. நான் வாய தொறக்கறதுக்குள்ள அழுதுடுவா. அப்புறம் நான்தான் அவள தேத்தணும். எத்தனையோ தடவ சொல்ல வந்து, பாதியில நிறுத்திட்டேன். நானே சொல்றேன், எனக்கு முடியறப்ப."

மரிவிக் எண்ணவில்லை. உடனே, தெளிவான குரலில் சொன்னாள்.

"சரிங்க. அவங்ககிட்ட சொல்ல மாட்டோம்."

ஏழு நிமிஷம் என்று நான் குறித்துக்கொண்டேன். எழுத்து கோணல்மாணலாகப் போனது.

நாலு மணிக்கு லூடி சீருடையோடு வந்தாள். மரிவிக்கைப் பார்த்துத் தலையசைத்தாள், வாடிக்கையாளருக்கு அசைக்கிற மாதிரி. மரிவிக்கும் அசைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து லூடி ஆலோசகரின் அறையிலிருந்து வெளியே வந்து, "பசிக்குது" என்றாள். மரிவிக் எதையும் கேட்காமல் பையை மாட்டிக்கொண்டாள். இருவரும் படியிறங்கி பாட்சோய் நூடுல்ஸ் கடைப்பக்கம் போனார்கள்.

டாக்டோரா திரும்பி வந்ததும் சாமி ஆடினார். நியாயம்தான். அறுபதாவது ஜோடியைக் கணக்கிலிருந்து எடுத்தார், மரிவிக்கை வேலையிலிருந்து எடுத்தார். ஆய்வு அறிக்கையில் ஐம்பத்தொன்பது ஜோடிகள் என்றுதான் இருக்கிறது. துணையோடு நெருக்கமாக இருப்பவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, ஆனால் அந்த உறவை வீட்டார் கண்டும் காணாமல் விட்டால் நெருக்கம் மட்டும் போதுவதில்லை என்பது அதன் சாரம். டாக்டோரா அதை நாற்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஏணி என்ற வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை.

மரிவிக் இப்போது ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். லூடி வாராவாரம் ஆலோசகரிடம் போனாள், கொஞ்ச நாள் மாத்திரையும் சாப்பிட்டாள். அடுத்த ஐந்து வாரம் மரிவிக் எப்படி இருந்தாள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரே வீடு, ஒரே படுக்கை. எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு வாக்கில்கூட அந்தப் பக்கம் போகவில்லை. என்னிடம் வந்து புலம்பக்கூட இல்லை. மருந்துக்கடைக்குப் போய் நானாகக் கேட்டபோது, "அவ சொல்லட்டும், மாரே. வாக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கப் போய்விட்டாள்.

ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் லூடியைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தாள், முகம் தெளிவாக இருந்தது. முந்தின நாள் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் மரிவிக்கிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஏணியிலிருந்து ஆரம்பித்து, முதல் தடவையாகக் கேட்கிறவளுக்குச் சொல்வதுபோல.

"அழுதாளா?" என்று கேட்டேன்.

"அழுதா" என்றாள் லூடி. "நான் சொல்லி முடிச்சப்பறம்."